மலையேறியவனும் மலையேற்றியவர்களும்

விளையாட்டைப் பற்றி எழுதுவது இலக்கிய விமரிசகனின் வேலையன்று என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. நாவலையும் கவிதையையும் நாடகத்தையும் நுணுகி ஆராயும் நாம், காலையில் பத்திரிகையைக் கையிலெடுத்ததும் முதலில் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டும் மாணவனைக் கண்டு முகஞ்சுளிக்கின்றோம். ஆயினும், வீரர்களைப் படைப்பதும், அவர்களை வானளாவ உயர்த்துவதும், பின்னர் வீழ்த்தி இரங்கற்பா பாடுவதுமான காவியத் தொழில் இக்காலத்தில் மிகத் தீவிரமாக நடைபெறும் இடம் அந்தப் பக்கமேயாகும். பழங்காவியம் ஒன்றைக் கையிலெடுக்கும்போது பாடியவன் யார், பாடுவித்தவன் யார், பாட்டுடைத் தலைவன் எவருடைய தேவைக்காகத் தலைவனானான் என்று கேட்கின்றோம். அக்கேள்விகளை விளையாட்டுக் காவியத்தை நோக்கியும் கேட்கவேண்டியது அவசியம். இத்தாலியச் சைக்கிளோட்ட வீரன் மார்க்கோ பந்தானியின் கதை அதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

பந்தானி 1970ஆம் ஆண்டில் பிறந்து, ஏட்ரியாற்றிக் கடலோரத்துச் சிற்றூரான செசனாத்திக்கோவில் வளர்ந்தவன். தந்தையார் நீர்க்குழாய் பொருத்தும் தொழிலாளி. தாயார் சிறு கடையொன்றில் அப்பகுதி மக்களின் தட்டை ரொட்டியைச் சுட்டு விற்றவர். உருவத்திற் சிறியவன், மழித்த தலை, காதில் வளையம், தலையிற் கட்டிய துணி. இத்தோற்றத்தினால் ‘கடற்கொள்ளைக்காரன்’ என்ற பட்டப்பெயர் அவனுக்கு வாய்த்தது. சமதரையிலும் தனித்தோடும் நேரப் போட்டியிலும் பெரிய உடல் வலு வாய்ந்தவர்களுக்கு அவன் ஈடாகமாட்டான். மலை தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். ஆசனத்தை விட்டெழுந்து, கைப்பிடியின் தாழ்ந்த வளைவைப் பற்றியபடி, மற்றவர்கள் மூச்சுக்குத் தவிக்கும் ஏற்றத்தில் அவன் திடீரென விரைந்து மறைவான். மலையேறும்போது தலைத்துணியை அவிழ்த்து வீதியோரம் எறிவது, இனித் தாக்கப்போகின்றான் என்பதற்கு அறிகுறி. இரசிகர் கூட்டம் அதற்காகவே காத்திருக்கும்.

1998ஆம் ஆண்டில் அவன் ஜீரோ டித்தாலியா என வழங்கும் இத்தாலியச் சுற்றோட்டத்தையும், தூர் டி பிரான்ஸ் என வழங்கும் பிரெஞ்சுச் சுற்றோட்டத்தையும் ஒருங்கே வென்றான். 1965இல் பெலீச்சே ஜிமோந்தி வென்றபின் பிரெஞ்சுச் சுற்றோட்டத்தில் முதலிடம் பெற்ற இத்தாலியன் அவனே. அவ்வாண்டு ஜூலை 27ஆந் திகதி, குளிரிலும் மழையிலும் காலிபியே மலையில் அவன் தனித்துப் பாய்ந்தபோது, முன்னணியில் நின்ற ஜெர்மானியனான யான் உல்றிச் அன்றைய முடிவில் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பின்தங்கினான். அடுத்த ஆண்டு மே மாதத்தில், ஒரோப்பா ஏற்றத்தின் அடிவாரத்தில் பந்தானியின் சங்கிலி கழன்றது. இறங்கி அதனை மாட்டிக்கொண்டு புறப்பட்டவன், தன்னைக் கடந்து சென்றவர்களையெல்லாம் ஒவ்வொருவராக முந்தி அவ்வேற்றத்தில் முதலாவதாக வந்தான். இக்காட்சிகளை ஒளிப்பதிவுகளிற் கண்டவர்களுள் நாமும் அடங்குவோம். கண்டு மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. எளிய குடும்பத்திற் பிறந்த சிற்றுருவத்தான் ஒருவன், கழன்ற சங்கிலியைத் தன் கையாலேயே மாட்டிக்கொண்டு, முந்திச் சென்றவர்களை எட்டிப் பிடிப்பதில் உழைக்கும் மக்கள் தமது வாழ்வின் சாயலைக் கண்டனரென்றால், அதனை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

ஒரோப்பாவிலிருந்து ஒரு வாரம் கழிவதற்குள் கதை திரும்பிற்று. 1999ஆம் ஆண்டு ஜூன் 5ஆந் திகதி காலை, மடோன்னா டி கம்பீலியோ என்னும் மலையூரில் ஓட்ட வீரர்களின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. பந்தானியின் இரத்தத்திற் செங்குழியங்களின் பங்கு நூற்றுக்கு 52ஆகக் காணப்பட்டது. அனுமதிக்கப்பட்ட எல்லை நூற்றுக்கு 50. மறுநாள் மிலான் நகரில் முடியவிருந்த சுற்றோட்டத்தில் முன்னணியில் நின்றவன், பொலீசார் சூழ ஹோட்டலிலிருந்து வெளியேறினான். அதன்பின் 2000ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சுற்றோட்டத்தில் இரு மலை முடிவுகளை வென்றானாயினும், பழைய நிலையை அவன் மீண்டும் அடையவில்லை. 2004ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் திகதி, ரிமினி நகர ஹோட்டல் அறையொன்றில், கொக்கெயின் நஞ்சேறித் தனியனாக இறந்து கிடந்தான். அவனுக்கு அப்போது வயது 34.

நம் முன்னோர் போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டினர். பந்தானிக்கும் நடுகற்கள் உள்ளன. செசனாத்திக்கோவில் சிலையும் நினைவுக் கூடமும் இருக்கின்றன. அவன் ஏறிய மலைவீதிகளில் நினைவுச் சின்னங்கள் நிற்கின்றன. 2004 முதல் இத்தாலியச் சுற்றோட்டத்தின் அமைப்பாளர் ஆண்டுதோறும் ஒரு மலையைத் தேர்ந்து ‘பந்தானி மலை’ என அறிவிக்கின்றனர். அவனை வெளியேற்றிய அதே போட்டி இன்று அவன் பெயரால் ஒரு மலையைச் சூட்டிக்கொள்கின்றது. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்வதற்கு அப்போட்டியின் பிறப்பை நோக்குதல் வேண்டும்.

பிரெஞ்சுச் சுற்றோட்டம் 1903ஆம் ஆண்டில் ‘லோட்டோ’ என்னும் விளையாட்டுப் பத்திரிகையினால், அதன் விற்பனையைப் பெருக்கும் நோக்கத்துடன் தொடங்கப்பட்டது. முன்னணி வீரன் 1919 முதல் அணியும் மஞ்சட் சட்டை, அப்பத்திரிகை அச்சான தாளின் நிறம். 1909இல் தொடங்கிய இத்தாலியச் சுற்றோட்டமும் ‘கஸற்றா டெல்லோ ஸ்போர்ட்’ என்னும் பத்திரிகையின் படைப்பே. அதன் தாளின் நிறமே அங்கு வெற்றிச் சட்டையின் இளஞ்சிவப்பாயிற்று. இங்கே நிகழ்ச்சி முதலிலும் செய்தி பின்னருமாக அமையவில்லை. செய்தி விற்பதற்காகவே நிகழ்ச்சி ஆக்கப்பட்டது. வீதியோரத்தில் நிற்பவன் காண்பது ஒரு கணம் மாத்திரமே. எஞ்சிய கதையை அவன் மறுநாள் பத்திரிகையிற் படித்தறிய வேண்டும். ஆகவே பத்திரிகைக்குப் பெரிய கதை வேண்டும். பெரிய கதைக்கு மனித ஆற்றலின் எல்லையைத் தொடும் துன்பம் வேண்டும். நீண்ட தூரமும் உயர்ந்த மலையும் இத்தேவையிலிருந்து பிறந்தவை. காலப்போக்கிற் பத்திரிகையுடன் தொலைக்காட்சியும் விளம்பரக் கம்பனிகளும் சேர்ந்துகொண்டன. வீரனின் மார்பு விளம்பரப் பலகையாயிற்று. தேவையின் இயல்பு மட்டும் மாறவில்லை.

பிரெஞ்சு விமரிசகரான ரோலன் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மித்தோலொஜி’ என்னும் நூலில் இச்சுற்றோட்டத்தைக் காவியமாகக் கொண்டு ஆராய்ந்துள்ளார். மலைகள் அங்கே உயிர்பெற்ற பகைவராகின்றன. வொந்து மலை பலி கேட்கும் தீய தெய்வமாகின்றது. வீரர்கள் நிலைத்த குணமுடைய காவிய மாந்தராகின்றனர். அவருடைய அவதானிப்புகளுள் ஒன்று நமது ஆய்வுக்கு மிகவும் பயன்படுவது. வீரனுக்குத் திடீரென உண்டாகும் அசாதாரண வேகம் அக்காவியத்தில் தெய்வ அருளாக எண்ணப்படுகின்றது. அதனால் ஊக்கமருந்து உண்பது தெய்வத்திற்குரியதைத் திருடும் பாவமாகின்றது என்று அவர் காட்டுகின்றார். இதனை நாம் மேலும் ஓரடி எடுத்துச் செல்லலாம். ஒரு செயல் பாவம் என்று கொள்ளப்பட்டால், அதற்குப் பாவி ஒருவன் மாத்திரமே தேவை. அதனைத் தொழிலிலுள்ள ஒரு நிலைமையாகக் கொண்டாலோ, வேலை கொடுத்தவன் யார், வேலையின் அளவை விதித்தவன் யார், இலாபம் எவருடையது என்ற கேள்விகள் எழும். காவியம் இக்கேள்விகளை அடக்கிவிடுகின்றது.

அக்கேள்விகளுக்கு இடமளித்த எழுத்தும் உண்டு. 1924ஆம் ஆண்டில் பத்திரிகையாளர் அல்பேர் லோந்திர், முந்திய ஆண்டின் வெற்றி வீரனான ஹென்றி பெலிசியேயும் அவனது தம்பி பிரான்சிசும் போட்டியைவிட்டு விலகியதை அறிந்து, குத்தான்ஸ் நகரச் சிற்றுண்டிச்சாலையொன்றில் அவர்களைச் சந்தித்தார். விலகியமைக்கு உடனடிக் காரணம், குளிருக்கு அணிந்த மேற்சட்டையைக் களைந்து எறியக்கூடாதென்ற விதி. வீரனின் உடையைக்கூட அமைப்பாளரே ஆண்டனர். பெலிசியே தன் பையிலிருந்தவற்றை எடுத்து மேசைமீது வைத்தான்: கண்ணுக்குக் கொக்கெயின், ஈறுக்குக் குளோரோபோம், இவற்றுடன் மாத்திரைகள். விளையாட்டு இரகசியம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக லோந்திர் எழுதவில்லை. தொழிலாளியொருவன் தன் வேலையின் கொடுமையை எடுத்துரைப்பதாகவே அவ்வெழுத்து அமைந்தது. பந்தானிக்கு எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே உண்மை அச்சேறிவிட்டது. படித்தவர்கள் மறந்தனர், காவியம் தொடர்ந்தது.

1966ஆம் ஆண்டில் பிரெஞ்சுச் சுற்றோட்டத்தில் முதன்முதலாக ஊக்கமருந்துப் பரிசோதனை போர்தோ நகரில் நடந்தபோது, மறுநாள் வீரர்கள் வண்டியைவிட்டு இறங்கி நடந்து தம் எதிர்ப்பைக் காட்டினர். அடுத்த ஆண்டு ஜூலை 13ஆந் திகதி ஆங்கில வீரனான ரொம் சிம்சன் வொந்து மலையின் கொடிய வெயிலில் விழுந்து இறந்தான்; அவனது உடலில் அம்பெற்றமீன் காணப்பட்டது. அவன் விழுந்த இடத்திலும் ஒரு நினைவுக்கல் நிற்கின்றது. பரிசோதனையை எதிர்த்து நடந்த தொழிலாளரிடையே பரிசோதனை காப்பாற்றியிருக்கக்கூடிய ஒருவன் அடுத்த ஆண்டே இறந்தமை, இத்தொழிலின் உள்முரண்பாட்டைத் துலக்குகின்றது. தன்னைக் கொல்லக்கூடிய பொருளைத் தன் பிழைப்புக்குரிய கருவியாகக் கருதும் நிலைக்குத் தொழிலாளி தள்ளப்பட்டிருந்தான்.

பந்தானியின் காலத்தில் அக்கருவி நுட்பமடைந்தது. எரித்திரோபொயெற்றின் என்பது சிறுநீரகத்திற் சுரந்து செங்குழியங்களின் உற்பத்தியைத் தூண்டும் சுரப்பு. சிறுநீரக நோயாளரின் இரத்தச் சோகையைத் தீர்ப்பதற்காக அது செயற்கையாக ஆக்கப்பட்டு, 1980களின் இறுதியில் மருந்தாக வந்தது. செங்குழியம் பெருகினால் தசைக்குச் செல்லும் ஒட்சிசனும் பெருகும். மூன்று வாரம் ஓடி இரத்தம் நலியவேண்டிய வேளையில் நலியாதிருக்கும். ஆனால் இரத்தம் தடித்து இருதயத்திற்கு ஆபத்தும் நேரும். இம்மருந்தைக் கண்டறியும் முறை 2000ஆம் ஆண்டுவரை நடைமுறைக்கு வரவில்லை. அதனால் 1997இல் சர்வதேசச் சைக்கிளோட்டச் சங்கம் நூற்றுக்கு 50 என்ற எல்லையை விதித்தது. எல்லையைத் தாண்டியவன் குற்றவாளியாகக் கொள்ளப்படவில்லை. உடல்நலங் கருதிப் பதினைந்து நாள் ஓய்வுக்கு அனுப்பப்பட்டான். நல்லெண்ணத்துடன் பிறந்த விதியாயினும், 50 வரை ஏற்றிக்கொள்ளலாம் என்ற சைகையாக அது தொழிலிற் பொருள்கொள்ளப்பட்டது. மருத்துவர்கள் அளவுகாட்டிகளாயினர், இரத்தம் கணக்கேட்டின் ஒரு பதிவாயிற்று.

இத்தொழில் முறையின் உட்புறம் 1998இல், பந்தானி வென்ற அதே சுற்றோட்டத்தில் வெளிப்பட்டது. ஜூலை 8ஆந் திகதி பிரான்சின் எல்லையில் பெஸ்தினா அணியின் வண்டியொன்று மறிக்கப்பட்டது. அதனை ஓட்டிவந்த அணி ஊழியன் வில்லி வூத் கைதானான். வண்டி நிறைய ஊக்கமருந்து இருந்தது. அணி வெளியேற்றப்பட்டது, பொலீசார் ஹோட்டல்களைச் சோதனையிட்டனர், வீரர்கள் வீதியில் அமர்ந்து மறுப்புத் தெரிவித்தனர். புறப்பட்ட 189 பேரில் 96 பேரே பாரிஸ் வந்தடைந்தனர். அவ்வாண்டு சேகரித்த மாதிரிகள் பின்னர் மீளச் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2013இல் பிரெஞ்சுச் செனற் சபையின் அறிக்கையில் வெளியாயின. முதலிடம் பெற்ற பந்தானி, இரண்டாமிடம் பெற்ற உல்றிச் ஆகிய இருவரின் மாதிரிகளிலும் அம்மருந்தின் அறிகுறி இருந்தது. மூன்றாமிடம் பெற்ற அமெரிக்கனான பொபி யூலிச் 2012இலேயே தன் தவற்றை ஒப்புக்கொண்டிருந்தான்.

அபிமானிகள் இதற்குக் கூறும் சமாதானங்கள் மூன்று. கம்பீலியோவில் நடந்தது சதி என்பது முதலாவது. பந்தய சூதாட்டக் கும்பல்களைப் பற்றிய பேச்சு இத்தாலியில் ஓயவில்லை. விசாரணைகளும் பலமுறை திறக்கப்பட்டன. சதி என்றே கொள்வோம். அப்போதும் 1998இன் மாதிரிகளை அது மாற்றிவிடாது. அவனொருவனே பலியாக்கப்பட்டான் என்பது இரண்டாவது. இதில் உண்மை உண்டு. தொழில் முழுவதும் பரவிய நோய்க்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது, எல்லோரும் அறிந்த முகமே தேர்ந்தெடுக்கப்பட்டது. அன்று வரை அவனது துன்பத்தை விற்ற பத்திரிகைகள் மறுநாள் அவனது அவமானத்தை விற்றன. இறந்தபின் அவனது நினைவை விற்றன. எல்லோரும் மருந்து உண்டனர், ஆகவே போட்டி சமமானதே என்பது மூன்றாவது. அபிமானிகளின் வாதங்களுள் மிகப் பரவியதும் மிகத் தவறானதும் இதுவே. ஒரே மருந்து எல்லா உடலிலும் ஒரே பயனைத் தருவதில்லை. தேர்ந்த மருத்துவரை அமர்த்தும் வசதியும் எல்லோர்க்கும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லோரும் உண்டனர் என்பது உண்மையன்று.

கிறிஸ்தோப் பாஸோன் என்னும் பிரெஞ்சு வீரன் அதே பெஸ்தினா அணியில் இருந்தவன். அணித் தோழர்கள் பொலீசாரிடம் வாக்குமூலம் கொடுத்தபோது, அவன் மருந்தைத் தொடாதவன் என்று அவர்களே சாட்சி கூறினர். 1999ஆம் ஆண்டுச் சுற்றோட்டத்தில் வேறோர் அணிக்காக ஓடிய அவன், ஊக்கமருந்து ஒழியவில்லை என்பதைப் பத்திரிகையில் எழுதினான். சக வீரர்கள் அவனோடு பேசுவதை நிறுத்தினர். முன்னணியில் நின்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங், ஓட்டத்தின் நடுவே அவனை நெருங்கி, இத்தொழிலில் உனக்கு இடமில்லை என்ற கருத்துப்படப் பேசினான். சொந்த அணியின் ஆதரவும் கிட்டாத பாஸோன் போட்டியின் நடுவில் வீடு திரும்பினான்; 2001இல் தொழிலையே விட்டான். அவனுக்கு மலையுமில்லை, சிலையுமில்லை. நிலைமைகள் மனிதனை உருவாக்குகின்றன என்ற நமது கொள்கை, பந்தானியைப் புரிந்துகொள்ள உதவுகின்றது. அதே கொள்கையைப் பாவமன்னிப்புச் சீட்டாக்கிக்கொள்ளும் தோழர்கள் பாஸோனுக்கு என்ன மறுமொழி கூறுவர்? அவனும் அதே நிலைமைகளில் வாழ்ந்தவன். அதே ரொட்டிக்காக உழைத்தவன். அவன் மறுத்தான், அதற்குரிய விலையைத் தன் பிழைப்பினாற் கொடுத்தான். மருந்துண்டவனின் வெற்றியில் மறுத்தவனின் இழந்த கூலியும் கலந்திருக்கின்றது.

இனி, ஐயத்தையே கொள்கையாகக் கொண்டோரை நோக்குவோம். விரைவாக ஏறுபவன் எவனைக் கண்டாலும் ‘இவனும் கள்வனே’ என்று சொல்லி நகைப்பது இன்று அறிவாளித்தனத்தின் அடையாளமாகிவிட்டது. ஆம்ஸ்ட்ரோங் 1999 முதல் 2005 வரை வென்ற ஏழு பட்டங்களும் 2012இற் பறிக்கப்பட்டபின், இந்நோக்குக்கு வலு கூடிற்று. ஐயத்திற்கு நியாயம் உண்டு. கேள்வி கேட்டுத் துருவிய சில பத்திரிகையாளரின் ஐயமே அப்பொய்யைத் தகர்க்க வழிவகுத்தது. ஆனால் அவர்களது ஐயம் சான்றைத் தேடி உழைத்த ஐயம். சாய்வுநாற்காலியிற் சாய்ந்திருந்து எல்லோரையும் கள்வரென்பவன் எதையும் தேடுவதில்லை. அவனது கண்ணிற் பாஸோனும் ஆம்ஸ்ட்ரோங்கும் ஒன்றே. எல்லோரும் குற்றவாளிகளாகிவிட்டால் எவருமே பொறுப்பாளியல்லர். அணி முதலாளிக்கும், அளவுகாட்டிய மருத்துவனுக்கும், கண்மூடியிருந்த சங்கத்திற்கும் இதைவிட வசதியான தத்துவம் வேறொன்றில்லை.

ஆகவே, வழிபாடும் வெறும் ஐயமும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் ஒரே தவற்றைச் செய்கின்றன. இரண்டும் வீரனை அவனது தொழிலிலிருந்து பிரித்துத் தனியனாக நிறுத்துகின்றன. ஒன்று அவனைத் தெய்வமென்கின்றது, மற்றது கள்வனென்கின்றது. மலையேறியவனை மாத்திரம் இரண்டும் காண்கின்றன, மலையேற்றியவர்களைக் காண்பதில்லை. ரிமினி ஹோட்டல் அறையிற் பந்தானி தனியனாக இறந்தான். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே தெய்வமாக்கியோரும் கள்வனாக்கியோரும் சேர்ந்து அவனைத் தனியனாக்கிவிட்டிருந்தனர்.

அப்படியாயின் ஒரோப்பா ஏற்றத்தைக் கண்டு நாம் கொண்ட மகிழ்ச்சியை என் செய்வது? அதனைக் கைவிடவேண்டுமென்று நாம் கூறவில்லை. அடிமைகள் கட்டிய கோபுரத்தின் அழகை நாம் மறுப்பதில்லை. கட்டியவர் எவர், எந்த நிலையிற் கட்டினர் என்று கேட்டறிந்த பின்னரே அவ்வழகைப் பற்றிப் பேசத் தகுதி பெறுகின்றோம். அவ்வாறே, அச்சிற்றுருவத்தான் மலையேறிய அழகை, அவன் இரத்தத்தில் இருந்தது என்ன, அதனால் இலாபமடைந்தவர் யாவர், ஒதுக்கப்பட்டவர் யாவர் என்ற அறிவோடு சேர்த்துக் காணவேண்டும். உண்மையைத் தாங்க மாட்டாத அபிமானம் பந்தானிக்கும் பயன்படவில்லை. அவனுக்குப் பின் வருவோர்க்கும் பயன்படாது.

நம் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் பக்கத்தை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தாதீர்கள். மாணவன் தன் வீரனின் படத்தைக் காட்டும்போது அதைப் பறித்து எறியவும் வேண்டாம். சேர்ந்து வியந்துவிட்டு வாளாவிருக்கவும் வேண்டாம். ஒரோப்பாவின் கதையை முழுமையாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், அதே ஆண்டு ஜூலை மாதத்தில் எவரும் வழியனுப்பாது வீடு திரும்பிய பாஸோனின் கதையையும் சொல்லுங்கள். இரண்டையும் கேட்ட மாணவன், மூன்றாவது கேள்வியைத் தானே கேட்பான்.